ஏழாவது கையெழுத்து

ஆவாரம்பாளையத்தில் லட்சுமணசாமியின் பம்ப் கம்பெனிக்கு வாசல் ஒன்றுதான், போர்டு மூன்று. முதல் போர்டு லட்சுமணா பம்ப்ஸ். அது லட்சுமணசாமியும், பெங்களூரில் இருக்கும் அவருடைய மச்சினர் கோவிந்தராஜுலுவும் சேர்ந்த பார்ட்னர்ஷிப். இரண்டாவது ரங்கம்மாள் வைண்டிங் ஒர்க்ஸ். அதற்கு ஏக உரிமையாளர் லட்சுமணசாமியின் மனைவி. அந்த அம்மாள் ஆயுதபூஜை அன்று மட்டும் ஷெட்டுக்குள் கால் வைப்பார். மூன்றாவது சைதன்யா மோட்டார்ஸ் பிரைவேட் லிமிடெட், மூத்த மகளின் பெயரில். மூன்றுக்கும் கூரை ஒன்று, மெயின் சுவிட்ச் ஒன்று, டீ வாளியும் ஒன்றே. நாற்பது பேருக்கு மேல் வேலை பார்த்த அந்த ஷெட்டில் எந்தப் போர்டின் பதிவேட்டிலும் ஒன்பது பேரைத் தாண்டிப் பெயர் கிடையாது. பத்து என்று ஆகிவிட்டால் ஃபேக்டரி சட்டம் உள்ளே வந்துவிடும் என்று ஆடிட்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். மிச்சப் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமலே காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மதிவதனி இரண்டாவது போர்டைச் சேர்ந்தவள். மோட்டாரின் வயிற்றுக்குள் செம்புக் கம்பி சுற்றும் வேலை. தாராபுரத்திலிருந்து வந்து கணபதி பகுதியில் சுப்பாத்தாள் என்ற தோழியோடு ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வயது இருபத்தேழு. ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து அம்மாவுக்குச் சலித்துப் போயிருந்தது.

அன்புமணி முதல் போர்டில் லேத் ஓட்டுபவன், கிணத்துக்கடவுக்காரன். தினமும் சாயங்காலம் கம்பெனி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்துதான் நடப்பார்கள். இரண்டு வருஷமாக இது நடந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் காதல் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அவர்கள் பேசியதோ தொழிற்சங்கச் சட்டம்! வேறு எதையும் அவன் பேசியதில்லை. பேசமாட்டானா என்று ஏங்கியபடியே அவளும் சட்டத்தைக் கேட்டுக்கொண்டு நடந்தாள்.

பேச்சாகவே இருந்த சங்கம் செயலுக்கு வந்தது மயில்சாமியால். டிரில்லிங் மிஷினில் மயில்சாமியின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். அவருடைய மனைவி ஓடி வந்து மூன்று போர்டையும் கேட்டாள். மூன்றுமே எங்கள் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டன. பதினோரு வருஷம் அதே ஷெட்டில் வேலை செய்த மனிதர். அன்றைக்குச் சாயங்காலம் அன்புமணி பஸ் ஏறவில்லை. டவுனில் இருந்த சங்க ஆபீசுக்கு நடந்தே போனான், அவளும் கூடவே போனாள்.

சங்க ஆபீசில் இருந்த சென்னிமலை என்பவர் சிடுமூஞ்சி. உட்காரக்கூடச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னார். சங்கம் பதிவு செய்ய ஏழு தொழிலாளர்கள் கையெழுத்துப் போட்டால் போதும், அதில் முதலாளி யாரும் இருக்கக் கூடாது, ஏழு பேரும் எந்தப் போர்டாக இருந்தாலும் சட்டத்துக்குக் கவலையில்லை, முதலாளி மூன்று என்ன, முப்பது போர்டு மாட்டினாலும் தொழிலாளிகள் ஒரே சங்கமாகச் சேரலாம் என்றார். இரண்டு வருஷம் பேசிய சட்டம் அவ்வளவு சுலபமா என்று இரண்டு பேருக்கும் வாய் பிளந்துவிட்டது.

சுலபமாக இல்லை. கம்பெனியில் எத்தனை பேர் என்ற கணக்கே யாரிடமும் இல்லை. மதிவதனியிடம் மட்டும் ஒரு பட்டியல் இருந்தது. ஆயுதபூஜைக்குப் பொரிப் பொட்டலம் கட்டுவது வருஷா வருஷம் அவள் வேலை. ஸ்டோரில் எழுதித் தரும் பெயர்களைப் பார்த்து, ஆளுக்கொரு பொட்டலம் கட்டி, மேலே பெயர் எழுதி வைப்பாள். நாற்பத்தோரு பொட்டலம், நாற்பத்தோரு பெயர். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பதிவாகட்டும், மறுநாளே சேர்ந்துகொள்கிறோம், முதல் ஏழு பேரில் மட்டும் எங்களை இழுக்காதீர்கள். முதல் ஏழு பெயர்தான் முதலாளி கையில் போய் விழும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி, மதிவதனியையும் சேர்த்து ஆறு பேர் தேறினார்கள். விண்ணப்பத்தில் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டவன் அன்புமணி. முதல் எண்ணுக்கு நேராக மதிவதனியின் பெயரை அவனே எழுதினான்.

“கடைசில நான் போட்டுக்கறனுங்க மதி. ஆரம்பிச்சவன் முன்னால நின்னா, இவன் தலைவராகறதுக்குத்தான் குதிக்கறான்னு சொல்லுவாங்க.”

ஆறு கையெழுத்தோடு அந்தத் தாள் அவளுடைய டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. ராத்திரி படுக்கும் முன் எடுத்துப் பார்ப்பாள். மேலே அவள் பெயர், கீழே அவனுக்கான காலி வரி. மற்ற பெண்களுக்குக் கல்யாணப் பத்திரிகையில் கிடைப்பது தனக்கு ஒரு அரசாங்கத் தாளில் கிடைக்கப்போகிறது என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துவிட்டு, இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு பெட்டியைச் சாத்துவாள். ஆனால் மறுநாளும் திறப்பாள்.

ஆயுதபூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது லட்சுமணசாமி அன்புமணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. அவர் கத்துகிறவர் இல்லை, வேலையை விட்டு நிறுத்துகிற மூடரும் இல்லை. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி உட்காரு கண்ணு என்றார். தன் பிளாஸ்கிலிருந்து தானே காபி ஊற்றி, தான் குடிக்கிற அதே மாதிரிக் கோப்பையில் கொடுத்தார். பிறகு மேஜையில் ஒரு பத்திரத்தை விரித்தார். லட்சுமணா பம்ப்ஸில் அன்புமணி மூன்றாவது பார்ட்னர். பணம் எதுவும் போட வேண்டாம், உழைப்புக்குப் பங்கு.

அன்புமணியின் அப்பா கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்பில் நாற்பது வருஷம் கூலி வேலை பார்த்தவர். தோப்பு முதலாளி வீட்டுக் களத்தில் அவர் நின்றுதான் பேசியிருக்கிறார், நின்றுதான் கூலி வாங்கியிருக்கிறார். காபி அவருக்கென்று வைத்த தனி டம்ளரில் வரும். அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவார். அன்புமணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அப்பாவுக்கும் சேர்த்துத்தான் உட்கார்ந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டான்.

பூஜை அன்று மெயின் மிஷினுக்கு அவனைக் கற்பூரம் காட்டச் சொன்னார் லட்சுமணசாமி. குடும்பத்தோடு அவனையும் நிற்க வைத்து, இனிமேல் இவரும் ஒரு முதலாளி, உங்களில் ஒருத்தரே முதலாளி ஆனபிறகு உங்களுக்கு என்ன குறை என்று கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். சில பேர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்கள். மதிவதனி கை தட்டவில்லை. அவள் கை நிறையப் பொரிப் பொட்டலம் இருந்தது. அன்புமணி என்று அவளே எழுதிய பொட்டலமும் அதில் இருந்தது.

அன்று சாயங்காலமும் அவன் வாசலில் அவளுக்காகக் காத்து நின்றான்.

“எங்கப்பன் ஒரு நாளும் யாரு முன்னாலயும் உக்காந்ததில்லீங்க மதி. உள்ள இருந்தம்னா உங்களுக்கெல்லாம் நாலு நல்லது செய்யலாம்னுதான்…”

“சென்னிமலையண்ணன் சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா? பார்ட்னர்னா முதலாளிங்க. உங்க கையெழுத்து அந்தத் தாள்ல இருந்தா, அதையே புடிச்சுட்டுத் தொங்குவாங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் தனியாகச் சென்னிமலையிடம் போய் வழி கேட்டுவிட்டு வந்து அவனிடம் சொன்னாள். அந்தப் பத்திரத்தில் இத்தனை வருஷம் என்று கெடு எதுவும் இல்லை. அப்படிப்பட்ட பார்ட்னர்ஷிப்பைக் கலைக்க மற்ற இரண்டு பார்ட்னருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். யோசிக்கிறேன் என்றான் அன்புமணி.

அவன் யோசித்துக்கொண்டே இருந்தான். கம்பெனியின் பழைய ஸ்கூட்டரை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் பஸ் ஸ்டாப்புக்கு அவன் நடக்க வேண்டியதே இல்லாமல் போனது. வரும் பஸ்களில் இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் மதிவதனி ஏறுவாள். ஸ்கூட்டர் அந்த வழியாகத்தான் போக வேண்டும். சில நாள் போகும். அவன் வேகத்தைக் குறைப்பான், நிறுத்தமாட்டான். ராத்திரி பெட்டியைத் திறந்து அந்தக் காலி வரியைப் பார்ப்பாள். இன்னொரு ஆளைத் தேடலாமே என்று சுப்பாத்தாள் சொன்னபோது, யாரும் வரமாட்டார்கள் என்று பதில் சொன்னாள். அது பாதி உண்மை. அந்த வரியை வேறொருவருக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை என்பது மீதி.

கார்த்திகை பிறந்துவிட்டது. ஒரு நாள் கரண்ட் போய் எல்லாரும் வெளியே டீ குடிக்கப் போயிருந்தார்கள். மதிவதனி மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். கருப்பாத்தாள் லேத்துக்கு அடியில் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த ஷெட்டைக் கூட்டுகிறவள் அவள்தான். கக்கூஸ் கழுவுவதும், டீ வாளி சுமப்பதும், செம்புத் துண்டு பொறுக்குவதும் அவளே. பின்பக்கச் சந்து வழியாக வருவாள், அதே வழியாகப் போவாள்.

“அந்தத் தாளு இன்னும் முடியலீங்களா அம்மணி?” என்று விளக்குமாற்றை நிறுத்தாமலே கேட்டாள்.

ஒரு ஆள் குறைகிறது என்று மதிவதனி சொன்னாள். கருப்பாத்தாள் இன்னும் கொஞ்ச தூரம் கூட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“ஏனுங்க அம்மணி, நான் எந்தப் போர்டுங்க?”

 மதிவதனிக்குப் பொரிப் பட்டியல்தான் முதலில் ஞாபகம் வந்தது. அதில் கருப்பாத்தாள் பெயர் கிடையாது. பொட்டலங்களைக் கொடுத்து முடித்தபிறகு தட்டில் சிந்திக் கிடக்கும் பொரியை அவள் முந்தானையில் கொட்டுவது வழக்கம். கொட்டியது வேறு யாரும் இல்லை, மதிவதனியேதான். ஐந்து வருஷமாகக் கொட்டியிருக்கிறாள். ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். முதலாளி எண்ணாமல் விட்டது போலவே, சங்கம் வைக்கக் கிளம்பியவர்களும் அந்த ஒருத்தியை எண்ணாமல் விட்டிருந்தார்கள்.

“நான் பெரிய வேலக்காரி இல்லீங்க. ஆனா எங்கிட்டயும் ஒரு வார்த்த கேப்பீங்கன்னு எத்தன நாளாப் பாத்துட்டு இருக்கறனுங்க. நீங்க எல்லாத்தையும் கேட்டீங்க. அந்தக் கெழட்டு வாட்ச்மேனக்கூடக் கேட்டீங்க.”

மதிவதனி வெட்கிப் போனாள். ஒரு மனுஷனுக்காகக் காத்திருப்பது தான் மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள். கேட்கமாட்டார்களா என்று இன்னொருத்தி இத்தனை நாள் அவளையே பார்த்துக் காத்திருந்திருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளையில் தாளைக் கொண்டுவந்தாள். ஏழாம் எண்ணுக்கு நேராக விரலை வைத்துக் காட்டினாள். காட்டினாளே தவிர, பேனாவை நீட்ட ஒரு நிமிஷம் கை வரவில்லை. இதைக் கொடுத்துவிட்டால் அவனுக்கு இடமில்லை.  பிறகு நீட்டிவிட்டாள்.

ரேகை வைக்க மையும் கொண்டுவந்திருந்தாள் மதிவதனி. அதைக் கருப்பாத்தாள் தள்ளி வைத்துவிட்டாள். அறிவொளி வகுப்பில் பெயர் எழுதக் கற்றிருந்தாளாம். கற்றதிலிருந்து எழுதிக் காட்ட ஒரு இடமும் வாய்க்கவில்லையாம். தாளை முட்டியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பின்பக்கம் மேடு தட்டும் அளவுக்கு அழுத்தி, கருப்பாத்தாள் என்று எழுதினாள். எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தாள்.

தை மாதக் கடைசியில் சங்கம் பதிவாகிச் சான்றிதழ் வந்தது. சொன்ன மாதிரியே மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். சங்கம் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று. அன்புமணி போக, ஷெட்டில் வேலை செய்யும் நாற்பத்தோரு பேரும் எங்கள் தொழிலாளர்கள் என்று லட்சுமணா பம்ப்ஸ் ஒப்புக்கொண்டு, ஒரே பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். மயில்சாமிக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது. லட்சுமணசாமி மறுத்தார். விவகாரம் லேபர் ஆபீசுக்குப் போனது.

அங்கே பேச்சுவார்த்தைக்கு நிர்வாகத்தின் சார்பில் வந்து உட்கார்ந்தவன் அன்புமணி. மேஜைக்கு இந்தப் பக்கம் மதிவதனியும் சென்னிமலையும், அந்தப் பக்கம் அவன். இரண்டு வருஷம் பக்கத்தில் நடந்தவனை அவள் அப்போதுதான் நேர் எதிரே பார்த்தாள். இளைத்திருந்தான். முதலாளி ஊரில் இல்லை, வாய்தா வேண்டும் என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்ல அனுப்பியிருந்தார்கள். சொன்னான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். இப்படி மூன்று தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கோரிக்கைக்காகவும் போனாள், அவனைப் பார்க்கவும் போனாள். 

நான்காவது தடவை சித்திரை வெயில். லட்சுமணசாமி நிஜமாகவே திருப்பதி போயிருந்தார். சங்கத்திலிருந்து அன்று கருப்பாத்தாளும் வந்திருந்தாள், துவைத்து மடித்து வைத்த சேலையில். அறையில் நான்கு நாற்காலிதான். மற்றவர்கள் உட்கார்ந்துவிட, அவள் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நிற்பதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்புமணி அவளைப் பார்த்தான். வாய்தா கேட்க வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். மறுபடியும் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டான்.

“உக்காருங்க அக்கா.”

அவள் பதறிப் போனாள். அவன் விடவில்லை. அவள் நுனியில் உட்கார்ந்த பிறகு திரும்பி லேபர் ஆபீசரிடம் கேட்டான்.

“சார், ஒரு பார்ட்னர் கையெழுத்துப் போட்டா, அது கம்பெனியே போட்டதாத்தானுங்களே அர்த்தம்?”

கம்பெனித் தொழில் சம்பந்தமான காரியத்தில் அப்படித்தான், மற்ற பார்ட்னர்களையும் அது கட்டும் என்றார் ஆபீசர். யோசித்துச் செய்யுங்கள் என்றும் சொன்னார். ஆறு மாசமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டு, அன்புமணி நின்றபடியே குனிந்து, சங்கம் எழுதிக் கொண்டுவந்திருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். அவன் சங்கத்தில் சேர்ந்துவிடக்கூடாது என்று கொடுத்த பதவி, அன்றைக்கு நாற்பத்தோரு பேருக்கும் போதுமான கையெழுத்தாகிவிட்டது.

தாளை மேஜை மேல் மதிவதனி பக்கம் நகர்த்தினான். இடது பக்கம் நிர்வாகத்திற்காக என்று அச்சடித்து, அதன் கீழ் அன்புமணி. வலது பக்கம் சங்கத்திற்காக. அதன் கீழ் அவள் மதிவதனி என்று எழுதினாள். இரண்டு பெயரும் ஒரே தாளில் வந்துவிட்டன. எத்தனை ராத்திரி ஆசைப்பட்டது. நடுவில் ஒரு கோடு இருந்தது.

வெளியே பஸ் ஸ்டாப் வரை இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். ஸ்கூட்டரை அவன் லேபர் ஆபீஸ் வாசலிலேயே விட்டுவிட்டான், சாவியைக் கம்பெனிக்குச் சென்னிமலையிடம் கொடுத்தனுப்பிவிட்டதாகச் சொன்னான். நாளைக்கே பார்ட்னர்ஷிப்பைக் கலைத்துக் கடிதம் கொடுத்துவிடுவேன், அதற்கு ஒரு தாள் போதும் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள் என்று சிரித்தான். ஆனால் லேத்துக்குத் திரும்ப விடமாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“ஏழாவது நாந்தான்னு சொல்லிப்போட்டு வராம இருந்துட்டனுங்க மதி.”

“அந்த எடம் நெறஞ்சு போச்சுங்க.”

“பாத்தனுங்க. நல்ல அழுத்தமான கையெழுத்துங்க அது.”

அவள் அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமும் ஆறு மாசமும் நெஞ்சில் கிடந்ததை ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவனாகக் கேட்பான் என்று நின்றாள். தான் செய்ததற்குப் பிறகு கேட்க என்ன யோக்கியதை என்று அவன் நின்றிருப்பான். பஸ் வந்துவிட்டது.

போட்ட கையெழுத்து கட்டும் என்று ஆடிட்டரும் சொல்லிவிடவே, திருப்பதியிலிருந்து திரும்பிய லட்சுமணசாமி எல்லார் பெயரையும் ஒரே பதிவேட்டில் எழுத வைத்தார். அன்புமணி கிணத்துக்கடவில் ஒற்றை லேத் போட்டிருப்பதாக மயில்சாமி வந்து சொன்னார். கூட்டாளி யாரும் இல்லையாம், போர்டில் அவன் பெயர் மட்டும்தானாம். மாசங்கள் போயின. மதிவதனி பஸ் ஸ்டாப்பில் இன்னும் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத்தான் ஏறினாள். ஸ்கூட்டர் வராது என்று தெரிந்தும் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று அவளுக்கே புரியவில்லை.

அடுத்த ஆயுதபூஜை வந்தது. மதிவதனி புதிய பதிவேட்டைப் பார்த்துப் பொட்டலம் கட்டினாள். முதல் பொட்டலத்தைக் கருப்பாத்தாளிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். மேலே எழுதியிருந்த தன் பெயரைக் கருப்பாத்தாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு எல்லாருக்கும் கொடுத்து முடித்ததும் தட்டை எட்டிப் பார்த்தாள்.

“ஒண்ணு மிஞ்சுதுங்களே அம்மணி. பேரே எழுதக் காணோம்?”

 மதிவதனிக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

கருப்பாத்தாள் தன் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

“நானாச்சும் அன்னிக்கு வாயத் தொறந்து கேட்டுப்போட்டனுங்க. நீங்க இன்னும் கேக்கவே இல்லீங்களே.”

 மதிவதனி பேனாவை எடுத்து அந்தப் பொட்டலத்தின் மேல் அவன் பெயரை எழுதினாள். பையில் வைத்துக்கொண்டு, உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிணத்துக்கடவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.